குழலில் தங்கிய உப்பு: பழைய .22 ரிம்ஃபயர் ரைபிள்களும் தோட்டா வேதியியலும்

வின்செஸ்டரின் 1890 மாடல் போன்ற பழைய அமெரிக்க .22 ரைபிள்கள் பலவற்றில் ஒரு முரண் தென்படும். வெளியே நீலப்பூச்சும் மரக்கட்டையும் நன்றாகவே இருக்கும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சுருள்வரிகளின் விளிம்பு மழுங்கி, அவற்றின் பள்ளங்களில் கருந்துளைகள் நெடுகத் தெரியும். பராமரிக்காதவர் மேல் பழி போடுவது வழக்கம். அந்தப் பழியின் பெரும்பகுதி தோட்டாவைச் சேரவேண்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாரிஸில் ஃப்ளோபெர் 1845-இல் உருவாக்கிய சிறு தோட்டாவிலிருந்து ரிம்ஃபயர் மரபு தொடங்குகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் 1857-இல் .22 ஷார்ட்டையும், மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887-இல் .22 லாங் ரைபிளையும் கொண்டுவந்தன. இவ்வகைத் தோட்டாவில் பற்றுமருந்து பித்தளை விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். தொடக்கத்தில் அது பாதரச ஃபல்மினேட், உந்துவதோ கரிமருந்து. கரிமருந்து குழலில் தடித்த கசடை விட்டுச்செல்லும். அந்த அழுக்கு கண்ணை உறுத்தியதாலேயே சுட்டவர் அன்றே தண்ணீர்விட்டுக் கழுவினார், குழலும் தப்பியது.

புகையில்லா மருந்து வந்ததும் நிலைமை மாறியது. பற்றுமருந்தில் ஆக்சிஜன் தருவதற்காகச் சேர்த்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக மிஞ்சும். சமையல் உப்பின் நெருங்கிய உறவான இந்த உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்து எஃகை அரிக்கத் தொடங்கும். கரிமருந்துக் காலத்தில் கசடோடு கசடாகக் கலந்து நீர்த்துப்போன உப்பு, இப்போது தனித்து எஃகின் மேலேயே படிந்தது. .22 தோட்டாவில் உந்துமருந்து மிகக் குறைவு, அதனோடு ஒப்பிட்டால் பற்றுமருந்தின் பங்கு அதிகம், குழலோ குறுகியது. போதாக்குறைக்கு அக்காலக் குழல்கள் மென்மையான எஃகால் ஆனவை.

கொடுமை என்னவென்றால், குழல் சுத்தமாகத் தெரிந்தது. உரிமையாளர் எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார். எண்ணெயில் உப்பு கரையாது. படலத்தின் அடியிலேயே துரு வளர்ந்தது. புகையில்லா மருந்தின் அமிலமே காரணம் என்று பலரும் நம்பிய நிலையில், அமெரிக்கச் சுரங்கத் துறையின் வில்பர்ட் ஹஃப் 1922-இல் வெளியிட்ட ஆய்வு, குற்றவாளி பற்றுமருந்தின் உப்பே என நிறுவியது. வெந்நீர் கழுவ வேண்டிய இடத்தில் ஒரு தலைமுறையே எண்ணெயை நம்பியிருந்தது.

அரிக்காத பற்றுமருந்தே தீர்வு; அதன் முன்னோடி ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனம். அமெரிக்காவில் ரெமிங்டன் 1926-இல் 'கிளீன்போர்' தோட்டாவை வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் விரைவில் பின்தொடர்ந்தன. குளோரேட்டின் இடத்தைப் பேரியம் நைட்ரேட் பிடித்தது. ஃபல்மினேட்டுக்குப் பதில் ஈய ஸ்டிஃப்னேட் நிலைத்தது. ஆனால் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்கள், துல்லியம் கருதி, கரிமருந்து பெருமளவு கலந்த லெஸ்மோக் தோட்டாக்களை அதன்பிறகும் சிலகாலம் விடவில்லை. அவர்கள் கழுவத் தெரிந்தவர்கள்.

எல்லாச் சேதமும் உப்பினால் வந்ததல்ல. லாங் ரைபிள் அறையில் ஷார்ட் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், குட்டைப் பித்தளை முடியும் இடத்துக்கு முன்னால் வளையமாக அரிப்பு விழும். பின்புறமாகக் கம்பி நுழைக்க முடியாத பம்ப் ரைபிள்களில், துடைப்புக் கம்பி உராய்ந்து குழல்வாய் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். நெடுகிலும் சீராகப் பரவிய துளைகளே குளோரேட்டின் கையெழுத்து.

எனவே 1900-க்கும் 1930-க்கும் இடையே புழங்கிய ஒரு ரைபிளின் குழல் பளபளவென்றிருந்தால், முதலில் எழவேண்டியது ஐயம்: குழல் மாற்றப்பட்டதா, உள்ளே புதுக்குழாய் பதிக்கப்பட்டதா? அரித்த குழல்களைத் துளைத்துப் புதுக்குழாய் பதிக்கும் வேலையை இங்கிலாந்தின் பார்க்கர்-ஹேல் ஒரு தொழிலாகவே நடத்தியது. அப்படிப் பதித்த ரைபிள் மீண்டும் நன்றாகச் சுடும். ஆனால் அது எந்தத் தோட்டாவைச் சுட்டு வாழ்ந்தது என்பதற்கான சான்று போய்விடும். சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் பழுதுபார்க்கும் முன், குழலின் உட்புறத்தைப் படமெடுத்து அரிப்பின் இடத்தையும் தன்மையையும் பதிவுசெய்து வைக்க வேண்டும்.