உயிரொலி உணர்வு: ஜூ டவுன் காதுகள்

காதில் விழும் உயிரொலி எந்த உயிர் என்று அடையாளம் காணும் திறனை உயிரொலி உணர்வு என்கிறோம். தாய்மொழியில் இது குழந்தை பேசத் தொடங்கும் முன்பே அமைந்துவிடுகிறது. இரண்டாம் மொழிக்குரிய உணர்வு, முன்னமே அமைந்துவிட்ட அந்தக் காதின் மேல்தான் கட்டப்பட வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இதைக் கவனிக்க நல்ல இடம் கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன்.

1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தில் முடிகிற தெரு அது. இருபுறமும் மிளகு, சுக்கு, ஏலக்காய் மணக்கும் கடைகளும் பழம்பொருள் கடைகளும். சுற்றுவட்டாரத்தில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி உருது எல்லாம் வீட்டுமொழிகள். சற்றுத் தள்ளி, ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்களின் வீட்டில் தமிழ். ஆலயத்துக்குள் ஹீப்ரு. தெருவின் பெயரே ஒரு பாடம்தான்: ஆங்கிலத்தில் ஓரசையாக ஒலிக்கும் சொல்லைத் தமிழ்க் காது ‘ட-வுன்’ என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது.

உயிரொலிகளுக்கு இடையே வேலி கிடையாது. ‘ப’ சொல்ல உதடுகள் மூடித் திறக்க வேண்டும். ‘இ’யிலிருந்து ‘எ’க்குப் போக நாக்கு கொஞ்சம் இறங்கினால் போதும், இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். வாயறையின் வடிவம் மாறும்போது ஃபார்மன்ட் எனப்படும் ஒலிச்செறிவுகள் இடம் மாறுகின்றன. முதல் இரண்டு ஃபார்மன்ட்களைக் கொண்டே காது பெரும்பாலும் உயிரை அறிகிறது. ஆனால் அவற்றின் அதிர்வெண்கள் ஆளுக்கு ஆள் வேறு. 1952இல் பீட்டர்சனும் பார்னியும் ஆண், பெண், குழந்தைகள் என 76 பேரின் ஆங்கில உயிரொலிகளை அளந்து வரைபடத்தில் இட்டபோது, ஒருவரின் ஓர் உயிர் இன்னொருவரின் வேறோர் உயிரின் இடத்தில் போய் உட்கார்ந்தது. பாட்டியின் ‘ஏ’யும் மாமாவின் ‘ஏ’யும் ஒன்றே என்று கண்டுகொள்வதுதான் குழந்தையின் முதல் வேலை.

அந்த வேலை கருவறையிலேயே தொடங்குகிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் பிறந்து ஓரிரு நாளே ஆன சிசுக்களுக்கு உயிரொலிகளைக் கேட்கவிட்டு, ரப்பர் காம்பை அவை எத்தனை முறை சப்புகின்றன என்று எண்ணினார்கள். தாய்மொழி ஒலிக்கு ஒரு விதமாகவும் அயல்மொழி ஒலிக்கு வேறு விதமாகவும் சப்பின. ஆறு மாதத்தில் இது இன்னும் தெளிவாகிறது. 1992இல் பட்ரிசியா கூல் குழுவினர் காட்டியபடி, தாய்மொழி உயிரின் நல்ல மாதிரி ஒன்று காந்தம்போல நின்று, பக்கத்து ஒலிகளைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. அயல்மொழி மாதிரிக்கு அந்த இழுப்பு இல்லை. 1994இல் போல்கா, வெர்க்கர் இருவரும் ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்கு ஜெர்மன் உயிர்களைக் கேட்கச் செய்தார்கள். நான்கு மாதத்தில் பிரித்தறிந்தவை ஆறு முதல் எட்டு மாதத்துக்குள்ளேயே தடுமாறத் தொடங்கின. மெய்யொலிகளில் இந்தச் சரிவு ஓராண்டு நெருங்கும்போதுதான் வருகிறது, உயிர் முந்திக்கொள்கிறது.

வீட்டில் இரண்டு மொழி இருந்தால்? மட்டாஞ்சேரித் தாய்மாரின் இந்தக் கேள்வியை பார்சிலோனாவில் கேட்டார்கள். கத்தலான் மொழியில் திறந்த ‘எ’, மூடிய ‘எ’ இரண்டும் தனித்தனி. ஸ்பானிஷில் ஒன்றே. 2003இல் வெளியான ஆய்வில் இருமொழி வீட்டுக் குழந்தைகள் நான்கு மாதத்தில் வேறுபாட்டை உணர்ந்தன, எட்டில் உணரவில்லை, பன்னிரண்டில் மறுபடி உணர்ந்தன. இருமொழி குழப்பும் என்று சொல்வோருக்குக் கொண்டாட்டம். பிறகு 2011இல் வேறு முறையில் சோதித்தபோது எட்டு மாதக் குழந்தைகளும் பிரித்தறிந்தன. குறை சோதனையில் இருந்திருக்கிறது.

வளர்ந்தவர் கதை வேறு. 1939இல் வெளியான த்ருபெத்ஸ்காயின் ஒலியனியல் நூல் தாய்மொழியின் ஒலியமைப்பைச் சல்லடைக்கு ஒப்பிட்டது. மிளகைப் பருமன் பார்த்துச் சலித்துத் தரம் பிரிக்கும் வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிளகு எதுவானாலும் சல்லடைக் கண்ணின் அளவுதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. மருத்துவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் உயிரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ‘டாக்டர்’, கொச்சியில் ‘டோக்டர்’, யாழ்ப்பாணத்தில் ‘டொக்டர்’. அதேபோல் தமிழில் காலேஜ், மலையாளத்தில் கோளேஜ்; தமிழில் ஆபீஸ், மலையாளத்தில் ஓபீஸ். எழுத்துக்கூட்டலின் பங்கும் இதில் உண்டு. ஆனாலும் ஆவுக்கும் ஓவுக்கும் நடுவே விழுந்த ஒலியை ஒவ்வொரு மொழியும் தன் சல்லடையின் ஒரு கண்ணில் இறக்கிக்கொண்டது என்பது தெரிகிறது. கேத்தரின் பெஸ்ட் முன்வைத்த கொள்கையின் சாரம் இதுவே: அயல் ஒலிகள் இரண்டும் நம் மொழியின் இரு வேறு ஒலிகளில் அமர்ந்தால் சிரமமில்லை, இரண்டும் ஒன்றிலேயே அமர்ந்தால் திண்டாட்டம்.

மலையாளம் கற்கும் தமிழருக்கு அந்தத் திண்டாட்டம் உகரத்தில் வருகிறது. ‘வந்நு’ என்று முழு உகரத்தோடு முடித்தால் ‘வந்தான், வந்தாள்’. இறுதி உகரத்தை உதடு குவிக்காமல் குறுக்கினால் ‘வந்து’. மலையாள இலக்கணம் இதைச் சம்விருதோகாரம் என்கிறது; நமக்கு இது குற்றியலுகரம். ஒலி புதிதல்ல, ‘பாட்டு’, ‘காசு’ என்று நாள் முழுதும் சொல்வதுதான். ஆனால் தமிழில் அது வரும் இடம் முன்கூட்டியே தெரியும்: ‘நகு’வில் முழு உகரம், ‘நாகு’வில் குறுகிய உகரம். இடமே முடிவு செய்துவிடுவதால் காது அதைக் கவனித்துப் பழகவில்லை. ஒலியை அறியாததைவிட, அறிந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் விட்ட பழக்கம் பெரிய தடை. தமிழர் மலையாளத்தை எளிது என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

சல்லடையில் புதுக் கண் திறப்பதும் உண்டு. மட்டாஞ்சேரிப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பது மலையாளத்தில் பாங்கு. பணம் போடும் இடமும் எழுத்தில் அதே சொல். பேச்சில் பின்னதன் உயிர் ஆவுக்கும் ஏயுக்கும் நடுவில் நிற்கிறது, யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலத்திலிருந்து வந்த உயிர், எழுத்தில் இடம் கிடைக்காமலே காதில் இடம் பிடித்துவிட்டது. எந்த வயதிலும் புதிய ஒலிவகை உருவாகலாம் என்று ஜேம்ஸ் ஃப்ளெகி 1995இல் முன்வைத்த கருத்துக்கு இதை உதாரணம் காட்டலாம். தமிழிலோ அந்த ஒலி பழைய அச்சில் ‘பாங்க்’ ஆகவும் இன்றைய பேச்சில் ‘பேங்க்’ ஆகவும் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடக்கிறது.

திராவிடக் காதின் பலம் மாத்திரை. கண்ணிமைக்கும் அல்லது கைந்நொடிக்கும் நேரத்தை ஒரு மாத்திரையாகக் கொண்டு குறிலையும் நெடிலையும் தொல்காப்பியமே அளந்து வைத்தது. ஆங்கிலத்தின் ‘பிட்’, ‘பீட்’ வேறுபாட்டையும் நாம் நீளத்தால்தான் பிடிக்கிறோம். ஆங்கிலேயர் காதுக்கோ நாக்கின் இடமே முதல் அடையாளம். நீளம் அடுத்து வரும் மெய்யைப் பொறுத்துக் கூடும், குறையும். குரலொலியுள்ள ‘ட்’ (d) ஒலிக்கு முன் குறிலே நெடில் அளவுக்கு நீள்வதும் உண்டு. அங்கே நம் அளவுகோல் பொய் சொல்லும்.

ஹீப்ருவில் இதற்கு நேர்மாறு. கொச்சி யூதர்கள் வீட்டில் மலையாளம் பேசியவர்கள். சிறுவயதிலேயே ஆண், பெண் இருபாலரும் ஹீப்ரு வாசிக்கக் கற்றவர்கள். இன்றைய ஹீப்ருவில் அடிப்படை உயிர்கள் ஐந்து. குறில் நெடில் மாறினால் பொருள் மாறாது. தேவைக்கு மேல் வேறுபாடு கேட்கும் காதோடு ஐந்து உயிர் மொழிக்குள் போவது பெரிய துன்பமில்லை; கேட்பதில் சிலவற்றைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகினால் போதும்.

1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய் நெவாத்திம், மெசிலாத் சீயோன் போன்ற குடியிருப்புகளில் அமர்ந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஹீப்ரு தாய்மொழி ஆனது. மலையாளத்தில் பெண்கள் கையெழுத்து ஏடுகளில் காத்துவந்த பாட்டுகளைப் பேத்தி கற்க உட்காரும்போது, பாட்டிக்கு எளிதாக இருந்தது இவளுக்கு மலை. ‘பாட்டு’ என்ற சொல்லிலேயே இரண்டு சிக்கல்: முதல் உயிரை நீட்டாவிட்டால் அது பட்டுத்துணி, கடைசி உயிர் உகரமும் இல்லை, அகரமும் இல்லை.