பையில் அடங்கும் கணினி: சின்ன லேப்டாப்களின் வரலாறு

விலை குறைவாக, பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன லேப்டாப் வேண்டும் என்ற ஆசை நேற்று பிறந்ததல்ல. அதற்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. இதற்காக வந்த கருவிகளில் சில ஜெயித்தன, பல தோற்றன. எவை ஏன் ஜெயித்தன என்று தெரிந்துகொண்டால், இன்று லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகிறவருக்கும் உதவும்.

1981 ஏப்ரலில் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் 1 வெளிவந்தது. விலை 1,795 டாலர். "தூக்கிச் செல்லும் கணினி" என்று பெயர்தான். எடையோ சுமார் 11 கிலோ! பார்க்கத் தையல் மிஷின் பெட்டி போல இருக்கும். திரை 5 அங்குலம். பேட்டரி கிடையாது என்பதால் போகிற இடத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டும். அடுத்த ஆண்டு வந்த கிரிட் காம்பஸ், இன்றைய லேப்டாப் போலவே மடக்கக்கூடியது. ஆனால் அதன் விலை 8,150 டாலர். ஒன்றைத் தூக்க முடியவில்லை, இன்னொன்றை வாங்க முடியவில்லை.

1983-இல் இதற்கு ஒரு விடை கிடைத்தது. ஜப்பானின் கியோசெரா தயாரித்து, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகள் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100 தான் அது. ஆரம்ப விலை 1,099 டாலர், எடை சுமார் 1.4 கிலோ. டார்ச் லைட்டில் போடுவது போன்ற சின்ன பேட்டரி நான்கு போட்டால் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடும். உள்ளே இருந்த மைக்ரோசாஃப்ட் மென்பொருளில் கணிசமான பகுதியை பில் கேட்ஸே எழுதினார்.

இதில் என்னென்ன இல்லை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள், அவ்வளவுதான். வண்ணம் இல்லை, டிஸ்க் இல்லை, நினைவகம் வெறும் 8 கேபி. ஆனால் விசைப்பலகையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை; அது முழு அளவில் இருந்தது. சுவிட்சைப் போட்டவுடன் எழுத ஆரம்பிக்கலாம். அணைத்தாலும் எழுதியது அழியாது. தொலைபேசி வழியே அனுப்ப 300 பாட் மோடமும் உள்ளேயே இருந்தது.

பத்திரிகை நிருபர்கள் இதைக் கொண்டாடினார்கள். அதுவரை வெளியூரில் இருக்கும் நிருபர் செய்தியைப் போனில் வாசிக்க, அலுவலகத்தில் ஒருவர் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். மாடல் 100 நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளை அனுப்பியது. 3,000 எழுத்துகள் கொண்ட ஒரு செய்தி இரண்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்!

அதன் பிறகு லேப்டாப்கள் வேகமாக வளர்ந்தன. ஆனால் சின்னதாகவும் இலேசாகவும் இருப்பவை பெரும்பாலும் விலை உயர்ந்தவையாகவே இருந்தன. 2005-இல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் லேப்டாப் தரும் திட்டத்தை அறிவித்தார். அந்த விலையை எட்ட முடியவில்லை. ஆனாலும் மலிவு லேப்டாப் பற்றிய பேச்சு எங்கும் பரவியது. 2007-இல் தைவானின் ஆசஸ் நிறுவனம் ஈ பிசி 701-ஐக் கொண்டு வந்தது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, லினக்ஸ், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, 399 டாலர். மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். மற்ற நிறுவனங்களும் இறங்கின. "நெட்புக்" என்ற பெயர் நிலைத்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. திரையை 10 அங்குலமாக்கினார்கள், ஹார்ட் டிஸ்க் சேர்த்தார்கள், விண்டோஸ் போட்டார்கள். விலையும் எடையும் ஏறின, வேகம் மட்டும் ஏறவில்லை. சாதாரண லேப்டாப்பின் விலையோ மறுபக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. 2010-இல் ஐபேட் வந்து, படம் பார்க்கவும் இணையத்தில் உலாவவும் மட்டும் நெட்புக் வாங்கியவர்களை இழுத்துக்கொண்டது. 2013 வாக்கில் நெட்புக்கின் கதை முடிந்தது.

மாடல் 100-ஐச் செய்தவர்கள், எதை விட்டுவிடலாம் என்று முதலில் முடிவு செய்தார்கள். நெட்புக்காரர்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கப் பார்த்தார்கள். குறைந்த விலையில் சின்ன லேப்டாப் வாங்குகிறவர் முன்னாலும் இதே கேள்விதான் நிற்கிறது. பயணத்தில் செய்யப் போகும் வேலை எழுதுவது என்றால் விசைப்பலகையையும் பேட்டரியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. திரையின் அளவையும் சேமிப்பையும் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். விளம்பரப் பட்டியலில் எத்தனை வசதிகள் என்று எண்ணுவதற்கு முன், அவற்றில் எது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று ஒரு முறை யோசித்துப் பார்த்தால் பணமும் மிஞ்சும், தோளும் வலிக்காது!