நகத்தின் நிறமும் இரத்தத்தின் மூச்சும்



தஞ்சோங் கிளிங் வட்டாரத் தோட்டங்களில் அந்த நாளில் பிள்ளைப்பேறு பல வேளைகளில் லயத்து வீட்டிலேயே நடக்கும். உதிரம் நிற்காவிட்டால் டிரசரை அழைத்து வருவார்கள். அவர் தாயின் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் சிவக்கத் தாமதித்தால், "லோரியைக் கூப்பிடுங்கள்" என்பார். அதை நாம் இளக்காரமாக எண்ணலாகாது.

பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட இரத்த அழுத்தம் தாக்குப்பிடிக்கக்கூடும். ஏனெனில் தோலுக்கும் தசைக்கும் குடலுக்கும் போவதைக் குறைத்து, இருதயத்தையும் மூளையையும் உடல் காப்பாற்றுகிறது. அழுத்தக் கருவி "நலம்" என்று காட்டும்போதே கைகால்கள் பிராணவாயுவுக்கு ஏங்கத் தொடங்கிவிடும். இது முற்றிய நிலையே மருத்துவர் சொல்லும் 'அதிர்ச்சி', பயத்தினால் வருவதன்று. முதல் உலகப் போரில் வால்டர் கேனன் என்ற அமெரிக்கர், இப்படிக் கிடந்த போர்வீரர்களின் இரத்தம் அமிலத்தின் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டார்.

ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அவோயாகி காதில் ஒளி பாய்ச்சி ஆராய்ந்தபோது நாடித்துடிப்பு குறுக்கிட்டுத் தொல்லை தந்தது. அத்தொல்லையையே அவர் அளவுகோலாக்கி 1974இல் வெளியிட்டார். கோவிட் காலத்தில் நம் வீடுகளுக்கும் வந்த விரல் கருவி அதன் வழித்தோன்றல். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. வகுப்பில் நாங்கள் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வதுண்டு: பால் வாளி நிரம்பியிருக்கிறதா என்று அது சொல்லும்; ஸ்டோருக்கு எத்தனை வாளி வந்தன என்று சொல்லாது. இரத்தம் வெகுவாகக் குறைந்து விரலில் நாடி தளர்ந்தால் அதுவும் தடுமாறும்.

அமெரிக்காவில் பிரான்ஸ் ஜாப்சிஸ், சாப்பாட்டு மேசையில் கிடந்த மாட்டெலும்பு ஒன்றின் வழியே சிவப்பொளி ஊடுருவுவதைக் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி உடலுக்குள்ளும் போகுமே என்று எண்ணி, 1977இல் அதை மெய்ப்பித்தார். அவ்வழியில் வந்த கருவியைக் கட்டைவிரலின் அடிமேட்டில் ஒட்டினால், தசையில் எஞ்சியுள்ள பிராணவாயு தெரியும். 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அந்த அளவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய காயமுற்றோருக்கு உறுப்புகள் பழுதாகும் அபாயம் மிகுந்திருந்தது.

எனினும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் அக்கருவி கிடையாது. கிருமித்தொற்றால் வரும் அதிர்ச்சியைப் பற்றி 2019இல் தென் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட சோதனையிலோ, விரல்நுனியைக் கண்ணாடித் தகட்டால் 10 வினாடி அழுத்தி, 3 வினாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்த்தே சிகிச்சை தந்தார்கள். இரத்தப் பரிசோதனையை நம்பி நடத்தப்பட்டவர்களைவிட அவர்கள் மோசமாகிவிடவில்லை. டிரசர் செய்ததும் ஏறக்குறைய அதைத்தான்.