மறை படிக்க யாருக்கு உரிமை?

வேதத்தைச் சூத்திரன் கேட்டால் அவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்த நாடு இது. ஓதுபவன் ஒருவன், ஒதுங்கி நிற்போர் ஊரார் என்பதே இங்கே நெடுங்காலம் நீதியாக இருந்தது. ஆனால் தம் மறையைச் சந்தை கூடும் நாளில், மக்கள் திரளும் இடத்தில் உரக்கப் படித்துக் காட்டிய இனத்தாரும் இவ்வுலகில் உண்டு. அவர்கள் யூதர்கள்.

யூதர் வரலாறு நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா, தோழர்களே! அவ்வரலாற்றின் ஏடுகள் சில நம் மண்ணிலேயே எழுதப்பட்டுள்ளன. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்தொடர் வண்டியேறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்குவோர், சிறிது தொலைவு நடந்தால் பவளக்காரத் தெருவைக் காணலாம். 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து பவளம் கொணர்ந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகரை நினைவூட்டும் தெரு அது. 1688ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி தோன்றியபோது அமர்த்தப்பட்ட ஆல்டர்மென் 12 பேரில் மூவர் யூதர். அதற்கும் ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்னர், சேர வேந்தன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேட்டில் வட்டெழுத்தால் பொறித்துத் தந்தான். பல்லக்கும் குடையும் பகல் விளக்கும் அவ்வுரிமைகளுள் அடங்கும். வந்தாரை வாழவைத்த மண் என்பதற்கு அச்செப்பேடு சான்று.

அம்மக்கள் தம் மறையை எவ்வாறு படித்தனர்? தோரா எனப்படும் ஐந்து நூல்களை 54 பகுதிகளாக வகுத்து, வாரந்தோறும் ஓய்வு நாளில் படித்து, ஓராண்டில் முடிப்பர். முடிக்கும் நாளே சிம்காத் தோரா என்னும் விழா. இறுதி வரி முடிந்ததும் முதல் வரியை மீண்டும் தொடங்குவர். ஓய்வு நாளில் எழுவரை முறையே அழைத்து, மறையின் முன் நிற்கச் செய்வர். அவ்வெழுவரும் குருமாராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. வணிகரும் வரலாம், கைவினைஞரும் வரலாம். திங்களும் வியாழனுமுங்கூடப் படிப்பதுண்டு. அவை பண்டைய நாளில் சிற்றூர் மக்கள் சந்தைக்கு வரும் நாட்கள் என்பது அவர்தம் மரபு. படித்த பகுதிக்குப் பொருள் கூறுவதும், அப்பொருளை மறுத்து வேறு பொருள் காண்பதும் அவர்களிடையே குற்றமன்று; கல்வி.

அவர்தம் திருநாள்களுள் பாஸ்கா குறிப்பிடத்தக்கது. எகிப்து மன்னனிடம் அடிமைப்பட்டிருந்த தம் முன்னோர் விடுதலை பெற்றதாகக் கூறும் கதையை நினைவுகூரும் நாள் அது. அக்கதையில் வரும் அற்புதங்களைப் பகுத்தறிவு ஏற்காது. வரலாற்றாசிரியர்களும் அதனை அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் அவ்விழாவில் ஒரு சிறப்பு உண்டு. வீட்டின் இளங்குழந்தை எழுந்து, ஏன் இன்று புளிப்பில்லா அப்பம், ஏன் இந்தக் கசப்புக் கீரை என்று வினவ வேண்டும். பெரியவர் விடையளிக்க வேண்டும். கேள்வியோடு தொடங்கும் திருநாள்! "கேட்காதே, கும்பிடு" என்று குழந்தையின் தலையில் குட்டும் வீடுகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நாள்தோறும் காணும் ஆசிரியர்களாகிய நாம், இதனைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

பாராட்டிய கையோடு கொச்சிக்குச் செல்வோம். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்தது பரதேசி யூதரின் தொழுகைக் கூடம். அங்கே 'வெள்ளை யூதர்' எனப்பட்டோர் உயர்ந்தோர். மலையாளக் கரையில் தொன்றுதொட்டு வாழ்ந்தோர் 'கறுப்பு யூதர்' என்று ஒதுக்கப்பட்டனர். யூத வீடுகளில் அடிமைகளாயிருந்து, அச்சமயத்தை ஏற்று விடுதலையடைந்தோரின் வழியினர் 'மெசுக்ராரிம்' எனப்பட்டனர். அச்சொல்லுக்கு 'விடுவிக்கப்பட்டோர்' என்பதே பொருள். அந்த விடுவிக்கப்பட்டோருக்குக் கூடத்தின் நடுவே இடமில்லை, மறை படிக்க அழைப்பில்லை, வெள்ளையரோடு மணவுறவில்லை. முறைப்படி விடுதலையும் சமயமும் பெற்றோரை ஒதுக்குதல் தகாது என்று எகிப்திலிருந்த யூத அறிஞர் ஒருவர் 16ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பெழுதினார். தீர்ப்பு வந்தது, திருத்தம் வரவில்லை.

எண்ணிப் பாருங்கள்! அடிமைத்தளை அறுந்த கதையை ஆண்டுதோறும் கொண்டாடியவர்களே, அடிமைத்தளை அறுந்தவர்களை வாயிலில் நிறுத்தினர். "என் தந்தை ஏன் வெளியே அமர வேண்டும்?" என்று ஒரு மெசுக்ராரிம் குழந்தை வினவினால், அதற்கு விடை எந்த ஏட்டிலிருந்தது? அவர்களுடைய மறையில் சாதியில்லை. சாதி அவர்கள் குடியேறிய மண்ணில் இருந்தது. நூலில் இல்லாத நஞ்சு சூழலிலிருந்து உட்புகுந்தது. இங்கு வந்த கிறித்தவத்திற்கும் இதே கதி நேர்ந்ததை நாம் அறிவோம்.

அந்த வாயிலில் நின்ற மக்களிடையே 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். சென்னையில் சட்டம் பயின்று, அவ்வகுப்பாரில் முதல் வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்திலும் இடம்பெற்றார். ஆனால் ஊருக்குச் சட்டம் இயற்ற உரிமை பெற்றவருக்குத் தம் தொழுகைக் கூடத்தில் சம உரிமை இல்லை! அவர் கூடத்தைப் புறக்கணித்தார், அறப்போர் நடத்தினார். 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தாரல்லவா? அதற்கு வெகுதொலைவில் இல்லாத கொச்சியில், மறை படிக்கும் உரிமைக்காக இவர் போராடினார். 1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகள் பல தளர்ந்தன. நூற்றாண்டுக் கணக்கில் வாரந்தோறும் படித்த மறை செய்யாததை, வாயிலில் நின்றவர்களின் போராட்டம் செய்தது.

1948இல் இஸ்ரேல் தோன்றிய பின்னர், 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். சேலம் தம் மண்ணிலேயே இருந்து 1967இல் மறைந்தார். பதின்மர் ஆடவர் கூடினாலன்றிப் பொதுவில் மறை படித்தலாகாது என்பது யூத முறை. ஒருகாலத்தில் பலரை வெளியே நிறுத்திய கூடத்தில், இன்று வெளியூரார் வந்தாலன்றி அப்பதின்மர் சேர்வதில்லை. குடிபெயர்ச்சியே அதற்குக் காரணம். தெய்வத் தண்டனை என்று கதை கட்ட நமக்கு விருப்பமில்லை. ஆனால் காலியான இருக்கைகள் நம்மிடம் ஒன்று கேட்கின்றன: யாருக்கு இடமில்லை என்றீர்கள்?

அக்கேள்வி நமக்கும் உரியது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1970இல்; பயிற்சி பெற்ற 24 பேர் ஒருசேரப் பணியாணை பெற்றது 2021இல். இடையே கடந்தது அரை நூற்றாண்டு. நல்ல நூல் இருந்தால் போதும், நாடு திருந்திவிடும் என்போருக்குக் கொச்சி விடை சொல்கிறது. ஏட்டை முடித்து மீண்டும் முதல் வரிக்குத் திரும்புவது விழாவாகலாம், விடுதலையாகாது. ஏட்டில் உள்ள நீதியை வாயிலில் நிற்பவனுக்கு வழங்கச் செய்வதே விடுதலை.