பிறவாப்புளியும் இறவாப்பனையும்: பேரூர்த் தலமரபில் உயிரின் நிலை

கோவை ஆர்.எஸ்.புரத்தில் நடக்கும் ஆன்மிகச் சொற்பொழிவுகளில் ஒரு கருத்து அடிக்கடி காதில் விழும். எல்லையற்ற பரம்பொருள் ஒன்றே உண்டு. 'நான்' என்பது தோற்றம். ஞானம் வந்தால் அது கரைந்துவிடும். அதைக் கேட்டவர்களே ஆடி அமாவாசையன்று பேரூர்ப் படித்துறைக்குப் போய், தந்தை, பாட்டன், பூட்டன் என்று பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். கரைந்துபோகும் ஒன்றுக்குப் பெயர் எதற்கு? பிதிர்க்கடன் முத்தி பெறாத உயிர்களுக்கானது என்று மறுக்கலாம். அந்த மறுப்பு சரியே. ஆகவே, முத்தியைப் பற்றிப் பேரூர் என்ன சொல்கிறது என்றே பார்க்க வேண்டும்.

பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலை ஒட்டிய இரு மரங்களைப் பற்றி ஊரார் சொல்வது இது: பிறவாப்புளியின் கொட்டையை எங்கே ஊன்றினாலும் முளைக்காது, இறவாப்பனைக்குச் சாவில்லை. மரநூலார் இதை ஏற்பார்களா என்பது வேறு கேள்வி. தலமரபு இங்கே இரு மரங்களைக் கொண்டு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பிறவி அறுவதே முத்தியின் முழுப்பொருள் என்றால் புளி ஒன்றே போதும். பிறப்பு ஒழிந்த பின்னும் இருப்பு ஒழிவதில்லை என்று சொல்லவே பனை வேண்டியிருக்கிறது.

இறவாதது பிரம்மமே, உயிரன்று என்று, பரம்பொருள் ஒன்றே உண்டு என்னும் ஏகான்மவாதி விடையளிப்பார். மரங்களை மட்டும் வைத்து அவரை மறுக்க முடியாது. ஆனால் அதே மரபில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பேரூர் எல்லைக்குள் சாகும் உயிர் எதுவானாலும், ஆடு மாடானாலும், அதன் வலச்செவி மேல்நோக்கியே இருக்கும். இறைவன் அதில் ஐந்தெழுத்தை ஓதுகிறான். ஓதுபவன் இருந்தால் கேட்பதும் ஒன்று இருந்தாக வேண்டும். முத்தியின் வாயிலில்கூட இருவர் நிற்கிறார்கள்.

எல்லையற்றதற்கு வெளியே இடமில்லையே, உயிர் எங்கே நிற்கும்? சைவ சித்தாந்தம் உயிரை வெளியே நிறுத்தவில்லை. இறையின் நிறைவுக்குள்ளேயே வைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் இரண்டாம் நூற்பா இவ்வுறவை ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூன்று நிலையில் வைத்துக் காண இடம் தருகிறது. பகலொளி நிறைவதால் கண் இல்லாமல் போவதில்லை, காணத் தொடங்குகிறது. உயிரை அணுவாகச் சுருக்குவது ஆணவம். முத்தியில் வலியிழப்பது அந்த மலம். உயிரோ அப்போதுதான் விரிகிறது. 'நான்' என்னும் முனைப்பையும் உயிரையும் ஒன்றெனக் கொள்வதாலேயே, முனைப்பு ஒழிந்தால் உயிரும் ஒழியும் என்ற முடிவு பிறக்கிறது. முத்தியிலும் இறை, உயிர், மலம் மூன்றும் உள என்பதை மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் தயக்கமின்றிச் சொல்கிறது.

பேரூர்ப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர், சிவஞானபோதத்துக்குச் சிவஞான மாபாடியம் என்ற உரை எழுதிய சிவஞான முனிவரின் மாணவர். 18ஆம் நூற்றாண்டின் இந்த ஆசிரிய–மாணவ மரபை மறந்து இத்தலக் கதைகளைப் படிக்கக் கூடாது. படைப்பாற்றல் வேண்டித் தவமிருந்த காமதேனுவின் கன்று பட்டி, துள்ளி விளையாடுகையில் புற்றை மிதித்தது. குளம்பின் தழும்பு புற்றுக்குள் இருந்த இலிங்கத்தின்மேல் பதிந்தது. இறைவன் அதை அழிக்காமல் ஏற்றுக்கொண்டான். காமதேனுவிடம், இது முத்தித் தலம், நீ வேண்டும் வரத்தைக் கருவூரில் பெறுக என்றான். படைப்புக்கு இடம் தராத தலம், ஒரு கன்றின் தழும்புக்கு இடம் தந்திருக்கிறது. உயிரின் தனித்தன்மை முத்திக்குப் பகையென்று அந்த மரபு கருதியிருந்தால், இத்தழும்பை இத்தனை பெருமையாகப் பேணியிராது.