பிறர்பொருட்டு வேண்டுதல்

கண்டி மாநகரில் தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தைக் காட்டினுள்ளே, துறவியர் உறையும் ஆசிரமம் ஒன்று உண்டு. 1950களின் தொடக்கம் முதல் அங்கே வாழ்ந்து, 1994ஆம் ஆண்டு மறைந்தவர் ஞானபோனிக தேரர். அவர் 1901இல் ஜெர்மனியின் ஹனாவ் நகரில், சிக்மண்ட் பெனிகர் என்னும் பெயருடன், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறர் நலம் வேண்டுதலைப் பெருங்கடமையாகக் கொண்ட மரபிலே தோன்றி, அதற்கு இணையான ஒன்றை வேறொரு மரபிலே பயின்ற அவர் வாழ்க்கை, நேயர்களே, நாம் சிந்தித்தற்குரியது.

யூதர் நாள்தோறும் ஓதும் முதன்மையான பிரார்த்தனையில், நோய் தீரவும் பிழை பொறுக்கவும் வேண்டுமிடத்து, 'எனக்கு' என்னாது 'எங்களுக்கு' என்றே வேண்டுவர். நோயுற்றவரின் பெயரைச் சொல்லித் தொழும்போது, இன்னாளின் மகன், இன்னாளின் மகள் என்று தாயின் பெயரையும் சேர்த்துக் கூறுவது வழக்கம். நோயாளியைக் காணச் சென்றும் அவருக்காக வேண்டாது திரும்பியவர் அக்கடமையை நிறைவேற்றியவராகார் என்பது அவர்தம் நெறிநூல்களின் முடிபு.

பெற்றோர் இறந்தால் மைந்தர் பதினொரு மாதம் 'கடீஷ்' ஓதுவர். அதிலே மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறைவனின் புகழே உண்டு. பழைய முறைப்படி அதனை ஓதப் பத்து ஆடவர் கூடவேண்டும். ஒருவன் தன் தந்தைக்காக ஓத, மற்றும் ஒன்பது பேர் தம் வேலையை விட்டு வந்து நிற்றல் வேண்டும்.

தனக்கும் ஒரு குறை இருக்க, அதே குறையுடைய பிறனுக்காக வேண்டுபவனின் விண்ணப்பமே முந்திக் கேட்கப்படும் என்று தல்மூத் ஞானிகள் கூறினர். மகப்பேறற்ற ஆபிரகாம் அபிமெலேக்கு மன்னனின் குடும்பம் மகப்பேறு அடைய வேண்டினான். அதன்பின்னரே சாராள் கருவுற்றாள் என்று அதற்குச் சான்றும் காட்டினர்.

ஞானபோனிகர் 1936இல் இலங்கைக்கு வந்து, ஞானதிலோக தேரரிடம் துறவு பூண்டார். ஜெர்மனியில் யூதர்மீது கொடுமை பெருகிய காலம் அது. 1939இல் தம் தாயாரையும் சில உறவினரையும் இத்தீவுக்கு வரவழைத்துக் காத்தார். போர் மூண்டபின், ஜெர்மனியர் என்ற காரணத்தால் பிரித்தானியர் அவரைச் சிறைமுகாமில் அடைத்தனர். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பியவர், அந்நாட்டவர் என்றே 1946 வரை டேராடூனில் அடைபட்டிருந்தார். அதற்குள் ஐரோப்பாவில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் மாண்டனர்.

பின்னர் 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். மைத்திரி முதலிய நான்கு பிரம்ம விகாரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பலருக்கும் பயன்பட்டது. மைத்திரி பாவனை இறைவனிடம் செய்யும் விண்ணப்பமன்று. எல்லா உயிரும் இன்புறுக என்று தன் உள்ளத்தையே பழக்குதலாகும். பகைவனும் அதற்குப் புறம்பாகான். கண்டியிலே பௌத்தர் பிக்குகளுக்குத் தானம் அளித்து, அப்புண்ணியத்தை இறந்தோருக்கு உரித்தாக்குவதும் இவ்வகையதே.

இரு நெறிகளும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் இரண்டும் மனிதனைத் தன் துயரத்தோடு மட்டும் அடைந்துகிடக்க விடுவதில்லை. தாயாரைக் காக்க ஞானபோனிகரின் முயற்சி உதவிற்று. அறுபது இலட்சம் பேருக்கு அக்கை எட்டவில்லை. எட்டிய இடத்தில் உதவி செய்தவன், எட்டாதவரையும் மறவாதிருத்தற்கே வேண்டுதல் வேண்டும்.