செயற்கைக்கோள் வானொலியும் கார் நிறுவனங்களும்: அமெரிக்கச் சாலை முதல் வீராம்பட்டினம் கடற்கரை வரை

அறிமுகம்

நிலத்தில் கோபுரம் நட்டு ஒலிபரப்பும் பண்பலை வானொலியின் எல்லை சில பத்துக் கிலோமீட்டர்களோடு முடிந்துவிடுகிறது. அதே நிகழ்ச்சியை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட ஒரு செயற்கைக்கோளிலிருந்து அனுப்பினால், ஒரு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்கலாம். இதுவே செயற்கைக்கோள் வானொலியின் அடிப்படை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் இருக்கும் சாதாரண வானொலிப் பெட்டியால் இந்த அலைகளைப் பெற முடியாது. தனிப் பெட்டியும் தனி ஆண்டெனாவும் வேண்டும். அவற்றை வாங்கும் செலவை யார் ஏற்பது? செயற்கைக்கோள் வானொலியின் வரலாறே இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறு எனலாம். அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் அந்தச் செலவில் பங்கேற்றன. இந்தியாவில் அது கேட்பவரின் தலையில் விழுந்தது. வீராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஊரும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து வேறு வழி கண்டன. இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

அமெரிக்காவில் தொடக்கம்

1990இல் சாட்டிலைட் சிடி ரேடியோ என்ற நிறுவனம், செயற்கைக்கோள் வழியாக வானொலி நடத்த அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்திடம் அனுமதி கேட்டது. 1992இல் நடந்த உலக வானொலி நிர்வாக மாநாடு இத்தகைய சேவைக்கென அலைவரிசைகளை ஒதுக்கியது. 1997 ஏப்ரலில் ஆணையம் உரிமங்களை ஏலம் விட்டது. சிடி ரேடியோ 8.33 கோடி டாலருக்கும், அமெரிக்கன் மொபைல் ரேடியோ 8.99 கோடி டாலருக்கும் உரிமம் பெற்றன. முன்னது பின்னர் 'சிரியஸ்' என்றும் பின்னது 'எக்ஸ்எம்' என்றும் பெயர் மாறின.

உரிமம் கிடைத்துவிட்டது; கேட்பவர்கள் எங்கே? வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது, ஒலிநாடா இருக்கிறது. வானொலிக்கென்று காசு கொடுக்க யாரும் ஆயத்தமாக இல்லை. காரில் நிலைமை வேறு. அமெரிக்கர் பலர் நாள்தோறும் வேலைக்குக் காரில் சென்று வருகிறார்கள். நெடுஞ்சாலையில் ஒரு நகரத்தைத் தாண்டியதும் அந்த நகரத்தின் வானொலி மங்கிவிடும். அடுத்த நகரத்தின் நிலையத்தைத் தேட வேண்டும். கண் சாலையில் இருப்பதால் ஓட்டுநருக்குக் காது மட்டுமே ஓய்வாக இருக்கிறது. ஆகவே செயற்கைக்கோள் வானொலிக்கு உரிய இடம் காரே என்று இரு நிறுவனங்களும் முடிவு செய்தன.

கூட்டணி எவ்வாறு இயங்கியது

1999இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் எக்ஸ்எம்மில் முதலீடு செய்து, தன் கார்களில் அதன் வானொலியைப் பொருத்த நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் சிரியஸுடன் கை கோத்தது. டைம்லர்கிரைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் சிரியஸ் பக்கம் சேர்ந்தன. ஹோண்டா எக்ஸ்எம் பக்கம் சேர்ந்தது.

இந்த ஒப்பந்தங்களின் பொது அமைப்பு எளிமையானது. வானொலிப் பெட்டி தொழிற்சாலையிலேயே காருக்குள் பொருத்தப்படும். அதன் செலவில் ஒரு பகுதியை வானொலி நிறுவனம் மானியமாகக் கொடுக்கும். காரை வாங்கியவர் சில மாதங்கள் கட்டணமின்றிக் கேட்கலாம். பழகிப்போனவர் அதன்பின் மாதச் சந்தா கட்டுவார். அந்தச் சந்தாவில் ஒரு பங்கு கார் நிறுவனத்துக்குப் போகும். இவ்வாறு பெட்டியின் விலை கேட்பவரின் கண்ணில் தனியாகப் படாமல், காரின் விலைக்குள்ளும் வானொலி நிறுவனத்தின் கணக்கிலும் கரைந்துபோனது.

2001 செப்டம்பர் 25 அன்று எக்ஸ்எம் ஒலிபரப்பைத் தொடங்கியது. முதலில் கேடிலாக் வகைக் கார்களில் இந்த வானொலி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. சிரியஸ் 2002இல் தொடங்கியது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் அலை மறைக்கப்படும் என்பதால், நகரங்களில் இரு நிறுவனங்களும் தரையில் மறு ஒலிபரப்பிகளை நிறுவின. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒலி அறுபடாமல் இருந்ததற்கு இவை இன்றியமையாதவை.

இதில் கேட்பவருக்கு ஓர் இழப்பும் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் காரை வாங்கியவருக்கு எக்ஸ்எம். ஃபோர்டு காரை வாங்கியவருக்கு சிரியஸ். எந்த வானொலியைக் கேட்பது என்பதை அவர் வாங்கிய காரே தீர்மானித்தது. 2008 ஜூலையில் இரண்டும் சிரியஸ் எக்ஸ்எம் என ஒன்றாக இணைந்தன. அப்போது சந்தாதாரர் எண்ணிக்கை 1.8 கோடிக்கு மேல்.

கார் நிறுவனத்தோடு சேர்ந்து வளர்ந்தவர்கள் அதனோடு சேர்ந்து தள்ளாடவும் நேர்ந்தது. 2008–09 பொருளாதாரச் சரிவில் கார் விற்பனை விழுந்தது. 2009இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் பாதுகாப்பு கோரின. சிரியஸ் எக்ஸ்எம்மும் திவாலின் விளிம்புக்குச் சென்றது. லிபர்ட்டி மீடியா 53 கோடி டாலர் கடன் கொடுத்து அதைக் காப்பாற்றியது. ஏற்கெனவே சாலையில் ஓடிய கார்களுக்குள் வானொலி இருந்ததால் நிறுவனம் மீண்டது. பின்னாளில் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டியது.

கார் நிறுவனம் கூட்டாளியாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் 2004இல் தொடங்கிய மொபாஹோ என்ற செயற்கைக்கோள் ஒலிபரப்பில் டொயோட்டா பங்குதாரராக இருந்தது. ஆயினும் போதிய சந்தாதாரர் சேராததால் 2009 மார்ச் மாதத்தோடு அது நின்றது.

இந்தியாவில் வேர்ல்டுஸ்பேஸ்

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990இல் வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனத்தை அமெரிக்காவில் தொடங்கினார். ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களில் தகவல் எட்டாத மக்களுக்கு வானிலிருந்து வானொலி வழங்குவது அவர் நோக்கம். ஆஃப்ரிஸ்டார் 1998 அக்டோபரிலும் ஏஷியாஸ்டார் 2000 மார்ச்சிலும் பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து ஏவப்பட்டன. எக்ஸ்எம்மின் தொடக்கக் கால முதலீட்டாளர்களில் வேர்ல்டுஸ்பேஸும் ஒன்று. 2005இல் எக்ஸ்எம் அதற்கு மறுமொய் செய்வதுபோல் வேர்ல்டுஸ்பேஸில் 2.5 கோடி டாலர் முதலீடு செய்தது. இரண்டும் உறவுக்கார நிறுவனங்கள் எனலாம்.

ஏஷியாஸ்டார் 105 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நின்றது. புதுச்சேரியிலிருந்து கணக்கிட்டால் அது தென்கிழக்கை ஒட்டிய கிழக்கில், வங்கக் கடலுக்கு மேலே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 58 பாகை உயரத்தில் அமையும். வீட்டு மாடியிலோ சன்னலிலோ ஆண்டெனாவை அந்தத் திசைக்குத் திருப்பி வைத்தால் ஒலி தெளிவாகக் கேட்கும். தமிழுக்கு 'கேஎல் ரேடியோ', கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி' எனத் தனித்தனி அலைவரிசைகள் இருந்தன. விளம்பர இரைச்சல் இல்லாமல் நாள் முழுவதும் கச்சேரி கேட்க முடிந்ததால், இசை ஆர்வலர் பலர் விரும்பிச் சந்தா கட்டினர். ஏ. ஆர். ரகுமான் இந்நிறுவனத்தின் விளம்பரத் தூதராக இருந்தார். உலகெங்கும் இதற்கிருந்த சந்தாதாரர்களில் பெரும்பான்மையோர் இந்தியர்களே.

ஆனால் இங்கே பெட்டியை வாங்கியவர் கேட்பவர்தான். சில ஆயிரம் ரூபாய்க்குப் பெட்டி, அதற்கு மேல் ஆண்டுச் சந்தா. பண்பலை வானொலியோ காசில்லாமல் கிடைத்தது. 2005க்குப் பின் தனியார் பண்பலை நிலையங்கள் ஊருக்கு ஊர் பெருகின. கைபேசியிலும் அது வந்துவிட்டது.

காருக்குள் நுழைய வேர்ல்டுஸ்பேஸால் முடியவில்லை. ஆண்டெனாவுக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே மரமோ கட்டடமோ குறுக்கிட்டால் ஒலி அறுபடும். ஓடும் காரில் கேட்க வேண்டுமானால் அமெரிக்காவைப் போலத் தரையில் மறு ஒலிபரப்பிகள் வேண்டும். அவற்றுக்கு அரசின் அனுமதி தேவை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005இல் செயற்கைக்கோள் வானொலி குறித்துத் தன் பரிந்துரைகளை அளித்தது. ஆனால் வேர்ல்டுஸ்பேஸ் இயங்கிய காலத்துக்குள் அவை நடைமுறைக் கொள்கையாக உருப்பெறவில்லை. மறு ஒலிபரப்பி இல்லாமல் கார் இல்லை. கார் இல்லாமல் பெருந்திரளான சந்தாதாரர் இல்லை. இத்தாலியில் ஃபியட் நிறுவனத்தோடு வேர்ல்டுஸ்பேஸ் செய்துகொண்ட ஒப்பந்தமும் சேவை தொடங்குவதற்கு முன்பே பயனற்றுப் போனது.

2008 அக்டோபரில் வேர்ல்டுஸ்பேஸ் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் சொத்துகளை வாங்க முன்வந்தவர் இந்தியச் சந்தா வணிகத்தை ஏற்க விரும்பவில்லை. 2009 டிசம்பர் 31 அன்று இந்தியச் சேவை நின்றது. முன்கூட்டியே கட்டிய சந்தாவுக்கு ஈடு கிடைக்காமல் பலர் ஏமாந்தனர். பெட்டிகள் அலமாரியில் காட்சிப் பொருளாயின.

வீராம்பட்டினத்தின் வழி

புதுச்சேரிக்குத் தெற்கே, பழைய துறைமுகமான அரிக்கமேட்டை அடுத்து அமைந்த மீனவ ஊர் வீராம்பட்டினம். கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்பது இங்கே உயிர் பற்றிய கேள்வி. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினமும் அவற்றுள் ஒன்று. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியான அலை உயரக் கணிப்புகளைப் பதிவிறக்கி, தமிழில் எழுதி, ஊர் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.

இங்கே எந்த மீனவரும் தனிப் பெட்டி வாங்கவில்லை. சந்தாவும் கட்டவில்லை. ஊருக்கு ஒரே கருவி. அதன் குரல் கரையில் வலை பின்னுவோர் அனைவருக்கும் எட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று இதன் பயன் வெளிப்பட்டது. இதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு ஊரில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் அறிவித்ததால், ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் மக்கள் உயிர் தப்பினர்.

சுனாமிக்குப் பின் இலங்கையில் இவ்விரு வழிகளும் சந்தித்தன. லர்ன்ஏசியா என்ற ஆய்வு அமைப்பும் சர்வோதயமும் இணைந்து, பாதிக்கப்பட்ட 32 ஊர்களில் பேரிடர் எச்சரிக்கை முறைகளைச் சோதித்தன. அவற்றுள் ஒன்று, வேர்ல்டுஸ்பேஸ் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் சிறப்பு வானொலிப் பெட்டி. இந்தியாவில் தனிநபர்களின் இசைப் பெட்டியாக நின்றுபோன அதே தொழில்நுட்பம், செலவை வேறொருவர் ஏற்றபோது ஊர் காக்கும் கருவியாக முயன்று பார்க்கப்பட்டது.

படகும் ஒரு வாகனமே

ஒலிபெருக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. அது கரையில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. உயிரிழப்பு பெரிதாயிற்று. 2019இல் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் 'ஜெமினி' கருவி அறிமுகமானது. செயற்கைக்கோளிலிருந்து வரும் கடல்நிலைத் தகவலைப் பெற்று, படகில் உள்ளவரின் கைபேசிக்கு அது அனுப்பும். 2024 ஆகஸ்டில் கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியைக் கட்டணமின்றிப் பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது.

முடிவுரை

அமெரிக்காவில் காருக்குள்ளேயே பெட்டி வந்தது, வானொலி நிலைத்தது. இந்தியாவில் நல்ல நிகழ்ச்சிகளும் விருப்பமான நேயர்களும் இருந்தும், பெட்டியின் சுமையையும் நிறுவனம் மூழ்கினால் வரும் நட்டத்தையும் கேட்பவர் ஒருவரே சுமந்தார், வானொலி நின்றது. செயற்கைக்கோளை ஏவுவது பாதி வேலைதான். அதன் குரலை வாங்கிக் கொடுக்கும் கருவி உரியவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அது பழுதானால் சரிசெய்ய ஆளும் வேண்டும். இன்று படகுகளில் பொருத்தப்படும் கருவிகளுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். பொருத்தியதோடு நில்லாமல் அவற்றைத் தொடர்ந்து பேணும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே, அடுத்த புயலின்போது நடுக்கடலில் இருப்பவருக்குச் செய்தி எட்டுமா என்பது தெரியும்.